எட்டு காணாமற்போன வழக்கு: 12345679 பற்றி ஓர் ஆய்வு

புதிதாக ஸ்கூட்டர் வாங்குகிறவர்களில் பலர், பதிவெண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து எட்டு வந்தால் முகம் வாடிப்போகிறார்கள். எண்சோதிடத்தில் 8 சனிக்கு உரியது. இந்தத் தீண்டாமைக்குக் கணிதத்தில் சான்று உண்டா என்பதே நம் ஆய்வுப் பொருள்.

முதல் பார்வையில், உண்டு. ஒன்றை 81ஆல் வகுத்தால் 0.012345679012345679… என்று முடிவில்லாமல் போகும். ஒழுங்காக வரிசையில் வந்த இலக்கங்கள் 7க்கு அடுத்து ஒரே தாவலில் 9க்குப் போய்விடுகின்றன. அப்படி உருவான 12345679, ஒன்றேகால் கோடிக்குச் சற்றே குறைந்த எண். ஆனால் அதன் செல்வாக்கு பெரியது: 9ஆல் பெருக்கினால் 111111111, 63ஆல் பெருக்கினால் 777777777. (எட்டு இலக்கக் கால்குலேட்டரில் முயல வேண்டாம். ஒன்பது இலக்க விடைக்கு அதில் இடமில்லை. இங்கும் பழி எட்டின் மேல்தான்!)

சோதிடத் தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. இந்த எண்ணை 8ஆல் பெருக்கினால் 98765432. எட்டு திரும்பி வந்துவிட்டது, ஆனால் 1ஐக் காணோம். ஒன்று சூரியனின் எண். சனி சூரியனின் மகன். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்தது. அப்பா இருக்கும் வீட்டில் மகன் இல்லை, மகன் வந்ததும் அப்பா வெளியேறுகிறார். நானே ஒரு கணம் ஆடிப்போனேன்.

ஆனால் 2ஆல் பெருக்கினால் 24691358. இதில் 7 இல்லை. நான்கால் பெருக்க 5 போகிறது, ஐந்தால் பெருக்க 4, ஏழால் பெருக்க 2. பெருக்கும் எண்ணையும் தொலைந்த எண்ணையும் கூட்டினால் எப்போதும் 9. மூன்றாலோ ஆறாலோ பெருக்கினால் கதையே வேறு: 37037037, 74074074. ஆக, கேது, புதன், ராகு, சந்திரன் என எல்லாரும் முறைவைத்து வெளியேறுகிறார்கள். சனியை மட்டும் குறிவைத்த சதி இது அல்ல.

உண்மைக் குற்றவாளி பத்து. 1/81 என்ற அந்தப் பின்னம் 0.01, 0.002, 0.0003 என்று அடுக்கிக்கொண்டே போகும் கூட்டல். பத்தாவது உறுப்பு வரும்போது ஓரிலக்க இடத்தில் 10 அடங்காது. ஒன்று இடப்பக்கத்து 9க்குப் போகிறது. அதுவும் பத்தாகி, தான் 0 ஆகிவிட்டு, மீதி ஒன்றை 8இடம் தள்ளுகிறது. எட்டு 9 ஆகிறது. அதாவது நம் கண்ணில் படும் 9, பதவி உயர்வு பெற்ற எட்டேதான். நிஜமாகப் பதவி பறிபோனது செவ்வாயின் 9க்கு. அதற்காக வருந்தியவர் எவருமில்லை.

எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் 8 என்ற இலக்கமே கிடையாது. இருப்பவை 0 முதல் 7 வரைதான். சனி பயம் உள்ளவர்கள் நிம்மதியாகக் குடியேறலாம். ஆனால் அங்கே இதே வகுத்தலைச் செய்தால், அதாவது 81 பத்துக்கு முந்தைய ஒன்பதின் வர்க்கம் என்பதுபோல், எட்டுக்கு முந்தைய ஏழின் வர்க்கத்தால் ஒன்றை வகுத்தால், 0.0123457… என்று வருகிறது. காணாமற்போவது 6, சுக்கிரனின் எண். அதற்கு என்ன பரிகாரம் என்பதைச் சோதிடத் தரப்புதான் சொல்ல வேண்டும்.