அசெம்பிள்டு மேக்கின் காலம்

மேக் கம்ப்யூட்டர்கள் இன்டெல் சிப்புக்கு மாறப்போகின்றன என்று 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. அதுவரை மேக்கின் உள்ளே இருந்தது பவர்பிசி என்ற வேறு இனத்துச் சிப். நம் ஊர் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. இன்டெல் வந்த பிறகு நிலைமை மாறியது. பிராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் அதே வகைச் சாமான்தான் என்றாகிவிட்டது. அப்படியானால் மேக்கின் இயங்குதளம் நாம் பூட்டிய பெட்டியில் ஏன் ஓடக்கூடாது? உலகெங்கும் பலர் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஹேக்கின்டோஷ். அதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு மேக் தேவைப்பட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஃபைனல் கட் ப்ரோ. வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்த என் தலைமுறைக்கு அது கட்டாயத் தேவை. அன்று மேக்கில் மட்டுமே அது ஓடியது. இரண்டாவது, தமிழ். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மேக்குடன் சேர்ந்தே வந்தது. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் உள்ளேயே இருந்தன. தனியாக எதையும் நிறுவாமல் உட்கார்ந்தவுடன் தமிழில் தட்டச்சு செய்யலாம் என்பது அன்று பெரிய விஷயம். ஆனால் எடிட்டிங்குக்கு ஏற்ற மேக் ப்ரோவின் விலை லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பணம் என்னிடம் இல்லை.

2009 ஆகஸ்டில் ஸ்னோ லெப்பர்ட் என்ற 10.6 பதிப்பு வந்தது. அந்தச் சமயத்தில்தான் ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து திரும்பியதும் போர்டும் கேபிளும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூரை வரை அடுக்கியிருக்கும் சின்னச் சின்னக் கடைகள். என் பட்டியலைப் பார்த்த கடைக்காரர் நல்ல மனசோடு எச்சரித்தார்.

“சார், இந்த போர்டுல விண்டோஸ் போடுங்க, லினக்ஸ் போடுங்க, கேக்க ஆளில்ல. மேக் மட்டும் ஓடாது சார்.”

“ஓடுதுன்னு சொல்றாங்கண்ணே. இதே போர்டுதான் வேணும்.”

இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600 பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, ராம், ஒரு கேபினெட் எல்லாம் வாங்கி வந்து பூட்டினேன்.

பாகங்கள் ஒன்றாக இருந்தாலும் மூன்று இடங்களில் மேக் தனித்து நின்றது. முதலாவது, கம்ப்யூட்டர் விழித்தெழும் முறை. இன்டெல் மேக்குகள் இஎஃப்ஐ முறையில் தொடங்கின. நம் மதர்போர்டுகளில் இருந்தது பழைய பயோஸ். அந்த இடைவெளியை நிரப்ப பூட் 132, கமீலியன் போன்ற பூட்லோடர்கள் வந்தன. இரண்டாவது, ஒவ்வொரு மேக்கிலும் இருந்த எஸ்எம்சி என்ற சிறிய சிப். ஃபைண்டர், டாக் போன்ற முக்கியமான நிரல்களை ஆப்பிள் பூட்டி வைத்திருந்தது. அவற்றைத் திறக்கும் சாவியை இயங்குதளம் அந்தச் சிப்பிடம் கேட்கும். சிப் இல்லாத பெட்டியில் அதன் இடத்திலிருந்து பதில் சொல்ல ஃபேக்எஸ்எம்சி என்ற நிரல் வேண்டும். மூன்றாவது, டிரைவர்கள். மேக்கில் அவற்றுக்குக் கெக்ஸ்ட் என்று பெயர். ஒலிக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, கிராஃபிக்ஸுக்கு ஒன்று எனத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ஸ்விட்சைப் போட்டால் ஆப்பிள் சின்னம் வரும். அதன்பின் ஒன்றும் நடக்காது. அந்த நிலையில் என்ன செய்வது என்பதுதான் ஹேக்கின்டோஷ் சொல்லித்தந்த முதல் பாடம். பூட் ஆகும்போது ‘-v’ என்று கட்டளை கொடுத்தால், ஆப்பிள் சின்னத்துக்குப் பதிலாக இயங்குதளம் செய்யும் ஒவ்வொரு வேலையும் வரி வரியாகத் திரையில் ஓடும். எங்கே நிற்கிறதோ அந்தக் கடைசி வரியைப் படிக்க வேண்டும். பல நேரங்களில் அந்த வரி ‘ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்று இருக்கும். கெர்னல் எழுந்துவிட்டது, தான் குடியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அதனால் காண முடியவில்லை என்று பொருள். பயோஸுக்குள் போய் சாட்டா முறையை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

என் மெஷினும் அப்படித்தான் எழுந்தது. நன்றாக ஓடியது. எடிட்டிங் வேலை நடந்தது. ஆனால் திடீர் திடீரென்று ஒருநாள் காலையில் அதே பழைய வரி வந்து நிற்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எந்தக் குறையும் இருக்காது. கேபிளை மாற்றினேன், சாட்டா போர்ட்டை மாற்றினேன், பலனில்லை. பயோஸைத் திறந்து பார்த்தபோதுதான் சாட்டா முறை தானாகவே ஐடிஇக்குத் திரும்பியிருப்பது தெரிந்தது. நான் வைத்த மற்ற அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலை அமைப்புகள் வந்து உட்கார்ந்திருந்தன. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால் இப்படி ஆகும் என்பதால் புது பேட்டரி போட்டேன். அதன்பிறகும் அழிந்தது.

நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகள்தான் அடுத்த கதவைத் திறந்தன. பழுது வந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பு மேக் ஸ்லீப்பில் இருந்திருக்கிறது. ஷட்டவுன் செய்துவிட்டுப் படுத்த நாள்களில் பழுது இல்லை. ஆக டிஸ்க், கேபிள், பேட்டரி எதிலும் குற்றமில்லை. ஸ்லீப்பில்தான் ஏதோ நடக்கிறது. அங்கிருந்து தேடியபோது காரணம் கிடைத்தது. மதர்போர்டில் நேரத்தைக் காக்கும் கடிகாரமும் பயோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சீமாஸ் நினைவகமும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. என்னென்ன வன்பொருள் எங்கெங்கே இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் டிஎஸ்டிடி என்ற அட்டவணையில், அந்தக் கடிகாரத்துக்கு ஒதுக்கிய இடத்தின் நீளம் 4 என்று இருந்தது. மேக்கின் கடிகார டிரைவர் அதை நம்பி, பயோஸ் தனக்கென வைத்திருந்த பகுதியிலும் எழுதிவிடும். அடுத்த முறை எழும்போது பயோஸ் கூட்டிப் பார்க்கும், கணக்கு உதைக்கும், அமைப்புகள் கெட்டுவிட்டன என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடும். சாட்டா ஐடிஇ ஆகும். கெர்னலுக்கு டிஸ்க் தெரியாது. அட்டவணையில் அந்த 4-ஐ 2 என்று மாற்றினேன். பழுது நின்றது.

டிஸ்க் காணவில்லை என்ற புகாருக்குக் காரணம் கடிகாரத்தில் இருந்தது. கோளாறு தெரியும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வது, செய்ததை எழுதி வைப்பது, ஓடுகிற நிலையைப் பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு அடுத்ததைத் தொடுவது: இந்த மூன்று பழக்கங்களும் எனக்கு அந்தப் பெட்டியிடமிருந்தே வந்தன. பின்னாளில் வீட்டு மோட்டார் நின்றபோதும் ஸ்டூடியோ ஒலியில் இரைச்சல் வந்தபோதும் அவைதான் கைகொடுத்தன.

4-ஐ 2 ஆக்கச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதோ நாட்டில் தன் மெஷினில் அதே பழுதோடு போராடி, கண்டுபிடித்ததை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டுப் போன ஒருவர். ஃபேக்எஸ்எம்சியை எழுதியவர் நெட்காஸ் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். கமீலியனுக்குப் பின் குளோவர் என்ற பூட்லோடர் வந்தது. 2019-ல் அசிடாந்தெரா குழுவின் ஓப்பன்கோர் வந்தது. மேக்கின் அடியில் இருக்கும் டார்வின், அதன் எக்ஸ்என்யூ கெர்னல் ஆகியவற்றின் மூலநிரலை ஆப்பிள் வெளியிட்டிருந்ததால்தான் இவர்களால் உள்ளே நடப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. இத்தனை பேரின் உழைப்புக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

சட்டப்படி இந்தக் காரியம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிளின் பெயர் தாங்கிய கம்ப்யூட்டரில் மட்டுமே நிறுவலாம் என்று மேக் இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. 1995-ல் பவர் கம்ப்யூட்டிங் போன்ற நிறுவனங்கள் மேக் நகல்கள் தயாரிக்க ஆப்பிளே உரிமம் கொடுத்திருந்தது. 1997-ல் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அதை நிறுத்தினார். 2008-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் மேக் ஓடும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009-ல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாக வந்தது. விற்பனைக்கு நிரந்தரத் தடை விழுந்தது. விற்பதற்கும் வீட்டில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே அன்றும் இன்றும் என் எண்ணம். ஆனால் ஒப்பந்தத்தின் வாசகம் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

2013-ல் உருளை வடிவில் வந்த மேக் ப்ரோவுக்கு 2019 வரை வாரிசு வரவில்லை. அந்த இடைவெளியில் தொழில்முறை எடிட்டர்கள் பலரும் சொந்தமாகப் பெட்டி பூட்டினார்கள். புதுப் பதிப்பு வரும் ஒவ்வொரு ஆண்டும் புதுப் பழுது வரும். 2015-ல் எல் கேப்பிட்டன் யுஎஸ்பியைக் கையாளும் விதத்தை மாற்றியது. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் அது ஏற்கவில்லை. நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் உள்ளே இரண்டு போர்ட்டாகக் கணக்காகும். அதனால் பழைய பென் டிரைவ் வேலை செய்யும் அதே துளையில் புதிய டிரைவ் தெரியாது. எந்தத் துளை எந்த எண் என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கி ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். 2018-ல் மொஹாவி வந்தபோது என்விடியாவின் புதிய கார்டுகளுக்கு டிரைவரே இல்லாமல் போனது. பலரும் ஏஎம்டி கார்டுக்கு மாறினார்கள். அப்டேட் என்ற அறிவிப்பு வந்தால் உடனே அழுத்தாமல், என்ன மாறியிருக்கிறது என்று முதலில் படிப்பது எங்கள் வழக்கமானது.

2020 ஜூன் 22-ல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. அந்த நவம்பரில் எம்1 வந்தது. இப்போது என் மேசையில் இருப்பது ஒரு மேக் மினி. சத்தம் இல்லை, சூடு இல்லை, மின்சாரம் கொஞ்சம்தான் குடிக்கிறது. கியூ6600 நெடுநேரம் எடுத்துக்கொண்ட ரெண்டரை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுகிறது. ஸ்லீப்பில் போட்டால் தூங்குகிறது, தொட்டால் எழுகிறது. வேலைக்கு இதைவிட நல்ல கருவி என்னிடம் இருந்ததில்லை.

அதே சமயம், இதில் எனக்குப் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. ராம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. பின்னால் கூட்ட முடியாது. கணக்குப் பார்த்து வாங்கும் அன்றே முடிவுசெய்ய வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ரெக்கவரி திரை வரும். அதுவும் கைவிட்டால் இன்னொரு மேக்கை யுஎஸ்பி-சி கேபிளால் இணைத்து ஆப்பிளின் மென்பொருள் மூலம் உயிர்ப்பிக்கலாம். உயிர் வந்துவிடும், என்ன ஆனது என்பது தெரியாது. பழுது நீங்குவதும் பழுது புரிவதும் ஒன்று என்று அந்தக் காலத்தில் நாங்கள் நினைத்தோம். இன்று அவை இரண்டும் தனித்தனியாகிவிட்டன.

காலம் இன்னொன்றையும் தலைகீழாக்கியிருக்கிறது. அன்று ஆப்பிளின் இயங்குதளத்தை மற்றவர்களின் வன்பொருளில் ஓடவைக்க உழைத்தார்கள். எம்1 வந்த பிறகு ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டம், மற்றவர்களின் இயங்குதளத்தை ஆப்பிளின் வன்பொருளில் ஓடவைக்கிறது. 2022 மார்ச்சில் அதன் முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. எம்1, எம்2 மேக்குகளில் அது ஓடுகிறது. ஆப்பிள் வேறு இயங்குதளம் பூட் ஆவதைத் தடுக்கவில்லை. ஆனால் எப்படிச் செய்வது என்ற ஆவணமும் தரவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தட்டிப் பார்த்துப் பதிலைக் குறித்துக்கொண்டுதான் அவர்கள் முன்னேறினார்கள். அதே கேள்வி, அதே பொறுமை. திசை மட்டும் மாறியிருக்கிறது.

2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல்லில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதோடு ஹேக்கின்டோஷின் கதையும் முடிகிறது. அதற்காக நான் வருந்தவில்லை. அது வளர்த்த பழக்கம் அதோடு போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. இன்று கையில் போனோடு வளரும் பிள்ளைக்கு, கோளாறு என்றால் ஆஃப் செய்து ஆன் செய்வது, இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர், அதுவும் இல்லாவிட்டால் புதியது. காரணம் என்ற ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கலாம் என்பதைப் பழகிப் பார்க்க அதற்கு இடமே இல்லை.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ பழைய டெஸ்க்டாப் ஒன்று மூலையில் கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் ஸ்க்ரூடிரைவரோடு கொடுங்கள். லினக்ஸை நிறுவச் சொல்லுங்கள். அது இலவசம், எந்த உரிம ஒப்பந்தத்தையும் மீற வேண்டியதில்லை. நின்றுபோனால் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவ விடாதீர்கள். திரையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் சொல்லுங்கள்.