காலி நாற்காலிக் காப்பியல்: ஒரு முன்னாய்வு

பெரிய அலுவலகங்களில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது பற்றி மேலாண்மை அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆளில்லாத நாற்காலியை அக்கம்பக்கத்து நாற்காலிகள் எப்படிக் காப்பாற்றுகின்றன என்பதை மட்டும் ஏனோ தொடவில்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை. களம், ஒரு தாலுகா அலுவலகம். ஆய்வு நெறி கருதி ஊர்ப்பெயர் மறைக்கப்படுகிறது. ஆய்வாளரின் பட்டா மாறுதல் வேறு அங்கே நிலுவையில் இருக்கிறது.

முன்னோர் இருவரைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913-இல் முடிவை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் போட்டார்களாம். அடுத்து, 1955-இல் எழுதிய பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன். பிரிட்டிஷ் கடற்படையில் 1914-இல் 62 பெரிய போர்க்கப்பல்கள், 1928-இல் 20. அதற்குள் தலைமையக அதிகாரிகள் 2,000-இலிருந்து 3,569 ஆகிவிட்டார்கள். அதிகாரிகள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கித் தருகிறார்கள் என்றார் அவர். இருவருமே பாதிக் கிணறுதான் தாண்டினார்கள். கயிற்றைத் தளரவிட்டவனைப் பக்கத்து ஆள் காட்டிக்கொடுத்தானா, மறைத்தானா? ரிங்கல்மான் கேட்கவே இல்லை.

காப்பின் தடயங்கள் எளியவை. திறந்த கோப்பு, அதன்மேல் மூக்குக்கண்ணாடி (பழையது, புதியது ஆளோடு போயிருக்கும்), நாற்காலி முதுகில் துண்டு, மேலே ஓடும் ஃபேன். பேனா மூடி திறந்து கிடந்தால் முதல் தரம். விரல்ரேகைப் பதிவு வந்தபின் இக்கலை அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆள் வாசலைத் தாண்டியதை விரல் சொல்லும். நாற்காலியைப் பற்றி அது வாய் திறக்காது.

தடயம் மட்டும் போதாது, குரலும் வேண்டும். பி2 சீட்டின் முன் ஒரு பெரியவர் வந்து நின்றார். பக்கத்து சீட் மேடம் டைப் அடிப்பதை நிறுத்தாமலே, "சார் இப்பத்தான் எழுந்து போனாரு, உக்காருங்க ஐயா" என்றார். பெரியவர் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மறுநாள் மேடம் ரேஷன் கடைக்குப் போயிருந்த வேளையில், பி2 சார் அதே வாக்கியத்தைத் திருப்பித் தந்தார். கூடவே "கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்" என்றும் சேர்த்தார். அது வட்டி.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பி2 சார் ஓடிய அன்று, அவருடைய அவசரக் கோப்பை உட்கார்ந்து முடித்து அனுப்பியவரும் அந்த மேடம்தான். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். காய்ச்சலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

எஞ்சியிருந்தது ஒரே சிக்கல்: காக்கும் நாற்காலியும் காலியானால்? ஒரு பிற்பகல் செக்‌ஷன் முழுக்கக் காலி. கோட்பாடு இங்கே சறுக்கும் என்று நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். அப்போது ஓர் இளைஞன் மனுவோடு உள்ளே வந்தான். காலையிலிருந்து பெஞ்சில் இருந்த அதே பெரியவர் சற்று நகர்ந்து இடம்விட்டுச் சொன்னார்: "எல்லாரும் இப்பத்தான் எழுந்து போனாங்க. உக்காரு தம்பி."