மலைக்கு லீவு இல்லை

மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குப் போகும் வழியில் ஓவர்கோட் வாடகைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயின்டில் எழுதிய ஒரு நம்பர். டாக்ஸிக்காரர் எந்த நம்பரில் வண்டியை நிறுத்துகிறாரோ, அங்கேதான் நமக்குக் குளிர ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு மஞ்சள் கோட்டும் ரப்பர் பூட்ஸும். பூட்ஸில் எனக்கு முன்னால் போட்டவரின் ஈரம் காயவில்லை. கோட்டுப் பையில் அவர் தின்று தீர்த்த சிப்ஸ் பாக்கெட். மலையில் போடக்கூடாதே என்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். கடைக்காரர் அதை உருவி, கடைக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் வீசினார். என் சுற்றுச்சூழல் சேவை அத்துடன் நிறைவுற்றது.

கணவாயின் உயரம் 3,978 மீட்டர். ரோதாங் என்றால் பிணக்குவியல் என்று பொருள் சொல்கிறார்கள். பனிப்புயலில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பி வராத இடம். நவம்பர் வாக்கில் பனி விழுந்து பாதை மூடினால், மே மாதம் வரை மந்திரி சிபாரிசும் செல்லாது, மாமன் மச்சான் உறவும் செல்லாது. இந்த நாட்டில் கவர் வாங்காமல் கதவைச் சாத்திய ஒரே அதிகாரி அந்தப் பனிதான். அதனால்தான் அதற்கு முடிவு கட்டினோம்.

வண்டிப் புகையின் கரி பனிமேல் படிகிறது. கறுத்த பனி வெயிலைக் குடித்து வேகமாக உருகுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற இந்தக் கணக்கு நமக்குப் புரிய தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தேவைப்பட்டது. 2014 முதல் அது போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 1,200 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பு வந்தது: பெட்ரோல் 800, டீசல் 400. சாலைப் பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நம்மூர் சலூனுக்கும் அதே நாள்தான் லீவு. என்ன, சலூனில் தலையை மட்டும்தான் சிரைப்பார்கள்.

வரம்பு போட்டால் சும்மா விடுவோமா? 2020 அக்டோபர் 3 அன்று கணவாய்க்கு அடியிலேயே 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தது. மணாலி–லே தூரத்தில் 46 கிலோமீட்டர் மிச்சம். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌல் மக்கள் குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடந்தவர்கள். பிரசவ வலிக்கும் ஹெலிகாப்டரைப் பார்த்து வானத்தை அண்ணாந்தவர்கள். அவர்களுக்கு இந்த வழி உயிர்வழி. அதைக் குறை சொல்பவன் வாயில் மண் விழட்டும்.

ஆனால் அந்த உயிர்வழிக்கு நாம் செய்த மரியாதை? திறந்த 72 மணி நேரத்தில் 3 விபத்துகள். உள்ளே பந்தயம், செல்ஃபி. அந்த டிசம்பரிலேயே சுரங்கத்துக்குள் வண்டியை நிறுத்தி ஆடியவர்களைப் போலீஸ் கைது செய்தது. 2023 கிறிஸ்துமஸ் நெரிசலில் ஒரு மகானுபாவர் ரோட்டில் இடமில்லை என்று ஜீப்பைச் சந்திரா ஆற்றிலேயே இறக்கி ஓட்டினார். அபராதம் போட்டார்கள். ஆற்றுக்கு யாரும் சாரி சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது பன்னிரண்டு மாதமும் உல்லாசம். கோடையில் மேலே பனிச்சுவர், குளிரில் சோலாங் பள்ளத்தாக்கில் சறுக்கு, சுரங்கம் தாண்டினால் சிஸ்ஸு கிராமம். டிசம்பரில் பனி விழத் தாமதமானால், டிபன் வராத ஓட்டலில் கத்துவதுபோல டிரைவரிடம் கத்துகிறார்கள்: "காசு கொடுத்திருக்கோம், ஸ்னோ எங்கய்யா?" ஸ்னோவை நேற்று வந்த உங்கள் வண்டிதான் தின்றது, ஐயா.

ரோதாங் பக்கம் பிறக்கிற பியாஸ் ஆறு 2023 ஜூலையில் பெருகி வந்து நெடுஞ்சாலையைக் கடித்துத் துப்பியது. இயற்கையின் சீற்றம் என்றோம். ஆற்றங்கரையில் மாடிமேல் மாடியாக ஓட்டல் எழுப்பியது மட்டும் யாருடைய சாந்தம்?

மணாலிக்குப் பக்கத்தில் கோஷால் என்று ஒரு கிராமம். மகர சங்கராந்திக்குப் பிறகு அவர்களுடைய தெய்வங்கள் சொர்க்கம் போய்விடுகின்றன என்பது நம்பிக்கை. அவை திரும்பும்வரை 42 நாள் ஊரே சத்தமில்லாமல் இருக்கும். டிவி கிடையாது, மண்ணைக் கிளற மாட்டார்கள். தெய்வத்துக்கு 42 நாள் லீவு விடத் தெரிந்த மண் அது. மலைக்கு நாம் விட்டிருப்பது வாரத்தில் ஒரு செவ்வாய்.

ஊர் திரும்பி இதையெல்லாம் ஒரு நண்பரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"செவ்வாய்க்கிழமைக்குத் தட்கால் ஏதும் உண்டா சார்?"