எஸ்டேட் முதலாளியும் எங்கள் வீட்டுப் பெண்களும்

மே மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு மூட்டை கட்டுவோம். ஒன்று, தென்காசி ஆச்சி வீட்டுக்குக் கொண்டுபோகும் துணிமணி. இன்னொன்று, அம்மா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து நான் கட்டுவது.

1985-ல் எனக்குப் பதினேழு வயது. மாம்பலத்தில் ஒரு சந்துக்குள், தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே அந்த லெண்டிங் லைப்ரரி இருந்தது. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோவதென்றால் முன்பணம் கூடுதல். மில்லில் மிளகாய் அரைக்கும் நாளில் அலமாரி முழுக்க நெடி ஏறும். ரமணிசந்திரனின் கதாநாயகிகள் எல்லோரும் எனக்குத் தும்மலோடுதான் அறிமுகமானார்கள். அவர்களுக்காக நான் விட்ட கண்ணீரில் பாதி மில்லுக்குச் சேர வேண்டியது.

பத்துப் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆகும். அட்டையைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எல்லா அட்டையிலும் ஒரே பெரிய கண், ஒரே பின்னல், ஒரே ஏக்கம். தலைப்பும் உதவாது. முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவதி கிழித்துக்கொண்டு போயிருப்பாள். அப்புறம் 37-ஆம் பக்கம். படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க, வாடிக்கைக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பக்கத்தில் ரகசியக் குறி போட்டு வைப்பார்கள். ஒருத்தி ஓரத்தில் புள்ளிக்கோலம் மாதிரி மூன்று புள்ளி வைப்பாள். இன்னொருத்தி, 37-ஆம் பக்கத்தில், வட்டத்துக்குள் ஒரு ‘ல’. அந்த ‘ல’ யாரென்று கடைசிவரை தெரியாது. ஆனால் அவள் படித்த புத்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. இன்று என் வயது, ஊர், வாங்கிய புடவை எல்லாம் தெரிந்த கணினிகள் ‘உங்களுக்காக’ என்று எதையெதையோ நீட்டுகின்றன. அந்த ‘ல’ அளவுக்கு அவற்றில் எதற்கும் என்னைத் தெரியாது.

கதை என்னவோ ஒன்றுதான். பணக்காரன், கோபக்காரன், பெரும்பாலும் எஸ்டேட் அல்லது தொழிற்சாலை முதலாளி. அவள் ஏழை, ரோஷக்காரி. ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை நூற்று நாற்பது பக்கத்துக்கு இழுப்பார்கள். நடுவில் அவள் கட்டிய புடவையின் நிறம், ஜன்னல் திரைச்சீலை, மாலைச் சிற்றுண்டி எல்லாம் விவரமாக வரும். முடிவு சுபம். முடிவு சுபம் என்று முன்கூட்டியே தெரிவதுதான் லீவில் படிப்பதற்கு முதல் தகுதி. நடுவில் தூங்கிப்போனாலும் பாதகமில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்காது. “ஏட்டி, படிக்கிறதுன்னா லட்சுமி படி” என்பாள். லட்சுமி என்றால் டாக்டர் திரிபுரசுந்தரி. தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1984-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக அவருக்குக் கிடைத்திருந்தது. அம்மாவுக்கே கிடைத்த மாதிரி. இருபது வருடமாக அவள் பத்திரிகைகளிலிருந்து கிழித்து, பைண்டு செய்து, சமையலறை மேல்பரணில் வைத்திருந்ததெல்லாம் ஒரே நாளில் இலக்கியமாகிவிட்டது. டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஹாலுக்கு வந்தன.

பெட்டிக்குப் பின்னால் போனது ஆச்சிக்குப் பயந்து. “பொஸ்தகம் படிக்கிற மருமக கொழம்பைக் கரிச்சிருவா” என்பது ஆச்சியின் கட்சி. அதே ஆச்சியின் பீரோவில், வேட்டித் துணியில் சுற்றி, வை.மு. கோதைநாயகி நடத்திய ‘ஜகன்மோகினி’ இதழ்கள் இருந்தன. கேட்டால், “அந்தம்மா சொதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவ. அது வேற” என்பாள். வை.மு.கோ. நூற்றுப் பதினைந்து நாவல் எழுதியவர். ஒவ்வொன்றையும் ஆச்சி தேச சேவையாகத்தான் படித்திருக்க வேண்டும்.

ஆக, ஆச்சிக்கு ஜெயில் சர்டிபிகேட். அம்மாவுக்கு அகாதெமி சர்டிபிகேட். எனக்கு நற்சாட்சி கொடுக்க யாருமில்லை. புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே ‘வேதியியல், இரண்டாம் தாள்’ என்று எழுதி எடுத்துப்போனேன். ஊரில், லீவிலும் வேதியியல் படிக்கிற பெண் என்று பெயர்கூட வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் வந்த அன்று அந்தப் பெயர் போனது.

அப்பா எல்லோருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்: “பொம்பளைங்க கதை.” அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த வருடம் கொல்லம் மெயிலில் போகிறோம். திருச்சி தாண்டியபோது விழிப்பு வந்தது. தலைமாட்டில் வேதியியலைக் காணோம். மேல் பெர்த்தில் டார்ச் வெளிச்சம். பேட்டரியைச் சிக்கனம் பிடித்து, பக்கம் திருப்பும்போது அணைத்து, திருப்பியதும் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார் அப்பா. நான் எட்டிப் பார்த்ததும், “சும்மா, எழுத்து எப்படின்னு பாத்தேன்” என்றார். மதுரையில் காபி வாங்கவும் இறங்கவில்லை. தென்காசியில் பெட்டியை இறக்கும்போது தன்னையறியாமல், “அந்தப் பொண்ணு சொல்லாம கொள்ளாம வீட்டை விட்டுப் போனது தப்பு” என்றார். “எந்தப் பொண்ணு?” என்று அம்மா கேட்டாள். அப்பா கூலிக்காரரோடு பேரம் பேசப் போய்விட்டார்.

போன ஆண்டு ஜூனில், குற்றாலச் சாரலுக்காக மகளோடு பொதிகை எக்ஸ்பிரஸ். இப்போது மூட்டை கிடையாது. 2016 முதல் கிண்டிலில் தமிழ் வருகிறது. ஒரு ஸ்லேட்டுக்குள் மாம்பலம் லைப்ரரி மாதிரி நூறு அடங்கும். மிளகாய் நெடியில்லை, அட்டை போடவும் வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரருக்கு நான் படிப்பது கம்பராமாயணமா எஸ்டேட் முதலாளியா என்று தெரியாது. மறைக்க இவ்வளவு வசதி வந்தபோது மறைக்க வேண்டிய வயது போய்விட்டது. தேர்ந்தெடுக்கும் நேரம் மட்டும் குறையவில்லை. தாம்பரத்தில் தேட ஆரம்பித்தவள் விழுப்புரம் வரை மாதிரிப் பக்கங்களையே படித்துக்கொண்டிருந்தேன்.

மகள் படிப்பது இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதைகள். அத்தியாயத்துக்குப் பெயர் ‘யூடி’. யூடி ஒருநாள் தாமதமானால் அலுவலகத்தில் அவளுக்கு வேலை ஓடாது. தொடர் முடிந்து கிண்டிலுக்கு வந்ததும் மறுபடி ஒரு தடவை படிப்பாள். நாயகன் ‘ஆன்ட்டி ஹீரோ’. அவள் தோளுக்கு மேலாக ஒரு பக்கம் படித்துப் பார்த்தேன். அவன் அவளைக் கடத்தி, ஹெலிகாப்டரில் ஏற்றி, அங்கே வைத்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடி எழுத்து இது? எங்க காலத்துல ரமணிசந்திரன் எழுதினதெல்லாம் எப்பேர்ப்பட்ட இலக்கியம்!”

சொல்லி முடித்த பிறகுதான் அது அம்மாவின் குரல் என்று உறைத்தது.

“உங்க ஹீரோவும் முதல் நூறு பக்கம் திட்டிட்டேதானம்மா இருப்பான். நாங்க அதுக்கு ஒரு பேரு வச்சோம், அவ்வளவுதான்.”

பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தேன். அவள் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு. அவள் வாங்கும் புத்தகம் என் ஸ்லேட்டிலும் இருக்கும். ஹெலிகாப்டர் எங்கேயாவது இறங்கியாக வேண்டுமே என்கிற கவலை மட்டும்தான்.

ராஜபாளையம் தாண்டியதும் மேலிருந்து தலை தொங்கியது, கையில் போன்.

“அம்மா, நான் பன்னிரண்டு சதவீதத்துலதான் நிறுத்தியிருந்தேன். எண்பத்தொரு சதவீதம் வரைக்கும் படிச்சாச்சு, அங்க போகட்டுமான்னு கேக்குது.”

ஜன்னல் பக்கம் திரும்பி, “சும்மா, எழுத்து எப்படின்னு பாத்தேன்” என்றேன்.