ஐரிஷ் கிலோமீட்டர் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்
டப்ளினில் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவன்.

பெறுநர்
உயர்திரு கிலோமீட்டர் பராமரிப்பு அதிகாரி அவர்கள்
(அப்படி ஒரு பதவி இல்லாவிட்டால், இருந்திருக்க வேண்டியவர்),
அயர்லாந்து.

பொருள்: கெர்ரி கவுண்டியில் கிலோமீட்டர்கள் அளவுக்கு மீறி நீண்டிருப்பது – நேரில் ஆய்வு செய்து ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: காட்டேஜ் சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடக்கும் எனது எக்செல் அட்டவணை, ஏழு பக்கம்.

ஐயா,

காஹர்சிவீன் ஊருக்கு வெளியே இந்த ஒரு வாரத்துக்குக் காட்டேஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா. வெள்ளைச் சுவர், சிவப்புக் கதவு, கணப்புக்குப் பக்கத்தில் எரிக்க ஒரு கூடை டர்ஃப். வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் வாசலைத் தாண்டிய பிறகுதான்.

தொழில் புத்தி. மூன்று வாரம் முன்பே திட்டம் போட்டுவிட்டேன். நாளுக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒரு நிறம். தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் கண்டேன். டீ குடிக்க 20 நிமிடம், சின்னவள் 'அவசரம்' என்பதற்கு 10 நிமிடம் என்று எல்லாம் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை டிங்கிள். கொஞ்சம் மேடேறி நின்றால் விரிகுடாவுக்கு அக்கரையில் டிங்கிள் தீபகற்பத்து மலைகள் தெரிகின்றன. கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துக் கரை, கடலுக்குள் விரல் விரித்து நீட்டிய கை மாதிரி. ஒரு விரல் நுனியில் இருக்கும் எறும்பு அடுத்த விரல் நுனிக்குப் போக வேண்டுமென்றால் உள்ளங்கை வரை திரும்பி வந்துதான் ஆக வேண்டும். கில்லோர்க்ளின், காசில்மெய்ன் என்று உள்ளங்கையைச் சுற்றினால் ஏறக்குறைய 100 கி.மீ. பெரிய சாலையில் பலகை 100 என்கிறது. நான் அடக்கமாக 80 என்று வைத்துக்கொண்டேன். ஒன்பதரைக்குக் கிளம்பினால், டீ, 'அவசரம்' எல்லாம் சேர்த்துப் பதினொன்றேகாலுக்கு டிங்கிள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து, ஒரு பையன் மேசைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன், ஐயா. என் பக்கம் பிழையில்லை. ஆகவே பிழை தங்கள் கிலோமீட்டரில்தான் இருக்க வேண்டும்.

இது வெறும் சந்தேகமல்ல. தங்கள் குடும்பத்துக்கு முன்வரலாறு உண்டு. ஆங்கில மைல் 1,760 கெஜமாக இருக்க, தங்கள் முன்னோர் ஐரிஷ் மைல் என்று தனியாக ஒன்றை வைத்திருந்தார்கள். அது 2,240 கெஜம். ஒரு மைல் நடந்தேன் என்று சொல்லும் ஐரிஷ்காரர் உண்மையில் ஒன்றேகால் மைலுக்கு மேல் நடந்திருப்பார். பிறகு 1970களில் ஊர்ப் பலகைகளில் தூரத்தைக் கிலோமீட்டருக்கு மாற்றத் தொடங்கினீர்கள். வேக வரம்பை மட்டும் மைலிலேயே விட்டுவைத்தீர்கள். 2005 ஜனவரி 20 வரைக்கும் இந்நாட்டில் தூரம் கிலோமீட்டர், வேகம் மைல். அரிசியைக் கிலோவில் நிறுத்துப் போட்டுவிட்டு விலையைப் படிக்கணக்கில் சொன்ன மாதிரி. இத்தனை வருடம் எந்த ஓட்டுநரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: யாரும் பலகையை நம்பவில்லை. பழைய ஐரிஷ் மைல் சாகவே இல்லை என்பது என் கட்சி. கிலோமீட்டர் என்று பெயரை மாற்றிக்கொண்டு கெர்ரிப் பக்கம் தலைமறைவாக இருக்கிறது.

சிறு சாலைகளில் 80 என்றிருந்த வரம்பை 2025 பிப்ரவரி 7 முதல் 60 ஆக்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் காட்டேஜிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் 3 கி.மீ. பாதையில் என் கார் 25ஐக் கண்டதில்லை. 20 குறைத்த செய்தி அதன் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

அந்தப் பாதையைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். போரீன் என்கிறார்கள். சாலைக்குத் தங்கள் மொழியில் உள்ள சொல்லே பசுவிலிருந்து வந்ததாம். போரீன் என்றால் குட்டிச் சாலை. கோர்மக் பெயரில் வழங்கும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சொற்பொருள் நூல் சாலைக்கு இலக்கணம் சொல்கிறது: ஒரு பசு நீளவாக்கிலும் இன்னொரு பசு குறுக்குவாக்கிலும் நிற்க இடமிருந்தால் அது சாலை. எவ்வளவு நேர்மையான அளவு! பசுவுக்கு ஐரிஷில் 'போ' என்று பெயர். எங்கள் மொழியில் அது ஏவல் வினை. தங்கள் சாலையில் 'போ' வந்து நின்றால் ஒருவரும் போக முடியாது.

செவ்வாய்க்கிழமை ஒன்பது முப்பத்தாறுக்கு அது வந்து நின்றது. ஒன்றல்ல, அறுபதோ எழுபதோ. காலைக் கறவை முடிந்து மேய்ச்சலுக்குத் திரும்புகின்றன. பாதையின் நடுவே புல் – பேச்சுக்குச் சொல்லும் புல் அல்ல, காரின் அடிவயிற்றைச் சீப்பு போட்டு வாருகிற புல். இரண்டு பக்கமும் வேலி. முன்னால் மாடு. பின்னால் வளைவு. கறுப்பு வெள்ளை மாடு ஒன்று முகப்பு விளக்கை நக்கிப் பார்த்துவிட்டு, ருசி பிடிக்காமல் நகர்ந்தது. மந்தைக்குப் பின்னால் நாலு சக்கர பைக்கில் வயதானவர் ஒருவர், கூடவே ஒரு நாய். ஆள்காட்டி விரலை மட்டும் கைப்பிடியிலிருந்து அரை அங்குலம் தூக்கினார். இந்தப் பக்கத்தில் அது வணக்கம். அம்மா அதை 'ஒரு நிமிஷம்' என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"எத்தனை லிட்டர் கறக்கும்னு கேளுடா."

கேட்டேன். நல்ல மாடு இருபத்தைந்து வரை தரும் என்றார்.

"நாளைக்கா, வாரத்துக்கா? சரியாக் கேளு."

நாளைக்குத்தான் என்றதும் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. அப்புறம் அவர் முறை. எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்றார். சொன்னேன். அந்த வீடு முன்னே யாருடையது, அவர் மகள் எங்கே கட்டிக்கொண்டு போனாள், கூரை எந்த வருடக் காற்றில் போனது எல்லாம் சொன்னார். தூறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மெத்தென்ற நாள் என்றார். மேற்குக் கரையில் வருடத்துக்கு 225 நாள் வரை மழை உண்டு. அத்தனைக்கும் மழை என்ற ஒரே சொல்லைச் செலவழிக்க இவர்களுக்கு மனசு வராது போலிருக்கிறது. 25 நிமிடம். அட்டவணையில் இதற்கு எந்த நிறமும் கிடையாது.

அவர் போன பிறகு ஒரு டிராக்டர். 200 மீட்டர் பின்னோக்கி ஓட்டி ஒரு வயல் வாசலில் ஒதுங்கினேன். அங்கேதான் இடப்பக்கக் கண்ணாடி போயிற்று. வேலி முழுக்க ஃப்யூஷியா, சிவப்புச் சிவப்பாய்த் தொங்கும் ஜிமிக்கிப் பூ. ஐரிஷில் அதற்குக் கடவுளின் கண்ணீர் என்று பெயராம். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பொதுவாக வேலியை வெட்டக் கூடாது, பறவைகள் கூடு கட்டும் காலம் என்று சட்டம். பறவைக்கு நான் எதிரியல்ல. ஆனால் சுற்றுலாக்காரன் வருவதும் சரியாக அந்த மாதங்களில்தான் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். வேலி வளர்கிறது, சாலை மெலிகிறது. ஜூலையில் ஒரு பசுவைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிங்கிளில் இரண்டு மணி நேரம் இருந்தோம். அந்த ஊர்ப் பலகைக்கும் தாங்கள் செய்த சேவை பெரிது. ஐரிஷ் பேசும் பகுதி என்று 2005இல் டிங்கிள் என்ற பெயரையே எடுத்துவிட்டு ஐரிஷ் பெயரை மட்டும் வைத்தீர்கள். ஊர்க்காரர்கள் 2006இல் வாக்கெடுப்பில் டிங்கிளும் வேண்டும் என்றார்கள். சட்டத்தைத் திருத்தி அதைத் திருப்பிக் கொடுக்க 2011 ஆயிற்று. அஞ்சு வருடம் என்பது ஐரிஷ் வருடத்தில் கணக்கானால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

புதன்கிழமை ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச் சாலை, 179 கி.மீ. டூரிஸ்ட் பேருந்துகள் இடஞ்சுழியாகச் சுற்றுவது வழக்கம். நாமும் இடமாகச் சுற்றினால் நாளெல்லாம் பேருந்தின் முதுகைப் பார்க்கலாம். வலமாகச் சுற்றினால் முகத்தைப் பார்க்கலாம். இதில் அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. "திருவலஞ்சுழிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்தவ நான். இடமா எல்லாம் சுத்த மாட்டேன்." சுற்றினோம், வலமாக. கில்லோர்க்ளினை எட்டுமுன்பே பதினோரு பேருந்துகளின் முகம் பார்த்தாயிற்று. மிச்சமிருந்த வலப்பக்கக் கண்ணாடியை மடக்கி, மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு பேருந்து போகலாம். மனைவி கையை வெளியே விட்டிருந்தால் பேருந்தில் இருந்தவர்களிடம் டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கலாம்.

வியாழக்கிழமை பற்றிச் சொல்ல வேதனையாக இருக்கிறது. ஸ்கெல்லிக் மைக்கேல். கரையிலிருந்து 12 கி.மீ. தள்ளி நடுக்கடலில் ஒரு பாறை. அதன்மேல் துறவிகள் அடுக்கிய கல் குடில்கள், தேன்கூடு வடிவில், சுண்ணாம்புக் காரை இல்லாமல், இன்னும் நிற்கின்றன. 618 படி ஏற வேண்டும். நாளொன்றுக்கு 180 பேரைத்தான் இறங்கவிடுவார்கள். அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது என்று எனக்கும் மனைவிக்கும் மட்டும் மாதக்கணக்கில் முன்பே இடம் பிடித்திருந்தேன். காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது: அலை அதிகம், படகு இல்லை. வெளியே பார்த்தால் வாரத்திலேயே முதல் முறையாக நீல வானம், மெத்தென்ற எதுவும் இல்லை. தூரத்தில் பாறை கூராகத் தெரிந்தது. ஐயா, நான் பார்த்த கிலோமீட்டர்களிலேயே அந்த 12தான் மிக நீளம். இன்னும் முடியவில்லை.

மனசு ஆறாமல் பாலத்தைத் தாண்டி வலென்ஷியா தீவுக்குப் போனோம். அங்கேதான் 1858இல் அட்லாண்டிக்குக்கு அடியில் போட்ட முதல் தந்திக் கம்பி கரையேறியது. விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்து 98 சொல். போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது; மணிக்கு ஆறு சொல். படித்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. தீவின் பாறையில் சுமார் 38 கோடி ஆண்டுக்கு முந்தைய நாலுகால் பிராணி ஒன்றின் தடங்களும் இருக்கின்றன. தடங்களின் இடைவெளியைப் பார்த்தால் அதுவும் 25ஐத் தாண்டியதாகத் தெரியவில்லை.

இன்று வெள்ளி. அட்டவணைப்படி மோஹர் செங்குத்துப் பாறைகள். வழியில் ஷானன் ஆற்றைக் காரோடு 20 நிமிடப் படகில் கடக்க வேண்டும். காலையில் சாவியைக் கையில் எடுத்தேன்.

"அங்கே என்னடா இருக்கு?"

"பெரிய பாறைம்மா. 214 மீட்டர் உயரம். கீழே கடல்."

"இங்கேயும் கடல் இருக்கே."

கணக்கர் என்ற முறையில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இந்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கி.மீ., பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், இதில் என்ன புதுசு என்று அம்மா முதல் நாளே கேட்டார். அவருக்கு இது விளங்குகிறது. விளங்காதது எனக்கும் எக்செலுக்கும்தான்.

ஆகவே, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஐரிஷ் கிலோமீட்டர் என்ற அளவை அரசிதழில் முறைப்படி வெளியிட வேண்டுகிறேன். அதுவரை பலகைகளில் தூரம் போடும் இடத்தைக் காலியாகவே விட்டுவிடலாம். சாலை அகலத்தை, பழைய நூல் வழியில், பசுக்கணக்கில் எழுதிவைக்க வேண்டும்: இரண்டு பசு, ஒன்றரைப் பசு, ஆகஸ்ட் முடிய ஒரு பசு. எதிரே வருபவர் நிறுத்திப் பேசக்கூடியவரா என்பதற்கும் ஒரு குறி இருந்தால் நல்லது. அதற்குத் தகுந்த மாதிரி சின்னவளை முன்கூட்டியே கழிப்பறைக்கு அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
மேற்படி கணக்கன்.

இணைப்பு: எக்செல் அட்டவணை, ஏழு பக்கம் (நான்காம் பக்கத்தில் சாம்பார் கறை). இடப்பக்கக் கண்ணாடி, மூன்று துண்டு. ஃப்யூஷியாக் கிளை ஒன்று – வெட்டியதல்ல, கதவிடுக்கில் தானாகச் சிக்கி வந்தது.

பி.கு.: தங்கள் பதிலை இந்த முகவரிக்கே அனுப்பலாம். வீட்டு எண் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. 2015இல் நாடு முழுக்க வீட்டுக்கு ஒன்று என்று ஏழு எழுத்து ஏர்கோடு கொடுத்தீர்களே, அது இருக்கிறது. அடுத்த வீட்டுக் கோடுக்கும் இதற்கும் முதல் மூன்று எழுத்தைத் தவிர எந்த உறவும் இல்லை என்பதால் பக்கத்தில் விசாரித்துப் பயனில்லை. மாட்டுக்காரரிடம் கொடுத்தால் போதும். மாலை நாலரைக்குக் கறவைக்கு ஓட்டிக்கொண்டு வருவார். அம்மா அவருக்குக் கொடுக்க முறுக்கு எடுத்துக்கொண்டு இப்போதே கேட்டில் நிற்கிறார்.