‘இட்லி 2’ என்பதன் காலம்: ஓர் ஆய்வு

1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை வடித்தபோது, ‘டேட்’ என்னும் பகுதி ஜாவாவிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தது. அதில் நாள் 1-இல் தொடங்கும், மாதம் 0-இல் தொடங்கும். ஏன் என்று ஆராய்ந்தோர்க்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். விடுவோம்.

பாடபேதம்: ‘2024-01-15’ என்றால் கிரீன்விச் நள்ளிரவு; ‘2024/01/15’ என்றால் உள்ளூர் நள்ளிரவு. கோடு படுத்திருப்பதற்கும் சாய்ந்திருப்பதற்கும் சென்னையில் ஐந்தரை மணி நேர வித்தியாசம் (காண்க: என் மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, இரண்டாம் பதிப்பு).

நம் ஆய்வுப்பொருள் வேறு. இலக்கணத்துக்குள் அடங்காத ஸ்ட்ரிங் வந்தால் அந்தந்த உலாவி தன் மனம்போல் பொருள் கொள்ளலாம் என்று மொழியின் விதிநூலே கைகழுவிவிட்டது. குரோம் கொள்ளும் பொருளைக் காண்போம்.

‘இட்லி 2’ என்று கொடுத்தால், 2001 பிப்ரவரி 1 என்கிறது. எண்ணுக்கு முன் வரும் புரியாத சொல்லை அது மெல்லாமல் விழுங்கிவிடும். எஞ்சிய 2 மாதமாகும். நாளும் ஆண்டும் இல்லையே என்று கலங்காமல் இரண்டுக்கும் ஆளுக்கொரு 1 போட்டுக்கொள்ளும். ஆண்டு 1 என்றால் 2001. ஆனால் ‘2 இட்லி’ என்று சொல்லிப் பாருங்கள், ‘இன்வேலிட் டேட்’! எண்ணுக்குப் பின் புரியாத சொல் ஆகாதாம். எந்த ஓட்டலிலும் இப்படி முன்மொழி பின்மொழி பார்த்துப் பரிமாறியதில்லை (மேற்படி சீட்டு, மூன்றாம் பதிப்பு, சட்னிக் கறைக்கு வலப்புறம்).

பன்னிரண்டு இட்லி வரை மாதத்துக்கு ஒன்று. 13 முதல் 31 வரை பஞ்சம். 32 என்றதும் 2032-க்குத் தாவுகிறது. 49-க்கு 2049, 50-க்கு 1950. கூட ஒரே ஒரு இட்லி சாப்பிட்டவர் 99 ஆண்டு பின்னால் போய் விழுகிறார்.

இனி சிகரம். ஆங்கில எழுத்தில் ‘மாருதி 800’ என்று கொடுத்தேன். முதல் மூன்றெழுத்து ஒத்துப்போவதால் மாருதி, மார்ச் ஆயிற்று. 800 நாளாக இருக்க முடியாது, ஆகவே ஆண்டு. விடை: கி.பி. 800, மார்ச் 1. 1983-இல் விற்பனைக்கு வந்த கார்! ஒலியொப்புமை ஒன்றும் எண் ஒன்றும் கிடைத்தால் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளும் இம்முறை குரோமின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. நம் கருத்தரங்குகளில் இதற்குப் பொன்னாடையே போர்த்துகிறோம். குரோம் போக்குவரத்துப் படி கேட்பதில்லை, அவ்வளவே (சீட்டு, ஆறாம் பதிப்பு, மூலப்படி பசை விட்டு ஏ.சி.க்குள் போய்விட்டதால், பெருக்க வந்த அக்கா நினைவிலிருந்து சொன்ன பாடம், அவரே இரண்டிடங்களில் ஐயுறுகிறார்).

கடைசியாக ஒன்று கேட்டேன்: ‘இன்வேலிட் டேட்’ என்கிறாயே, அதுவும் ஒரு டேட்தானா? ‘ட்ரூ’ என்றது.