பரோலோ ஒயினை மதிப்பிடுவதில் நாவின் கடைநிலை: ஓர் ஆய்வு

இத்தாலியின் வடமேற்கே பியமோந்தே வட்டாரத்து லாங்கே குன்றுகளில், நெபியோலோ என்னும் ஒரே திராட்சை வகையிலிருந்து வடிக்கப்படும் பரோலோ என்ற செந்நிற ஒயினை மதிப்பிடுவது பொறிகளுக்கிடையே நிகழும் பதவிப் போட்டியே என்பதும், அதில் நாவுக்குக் கடைசி இருக்கையே ஒதுக்கப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சட்டப்படி குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்த பின்னரே இவ்வொயின் விற்பனைக்கு வருகிறது. ஆகவே கோப்பையை அடைந்த பின்னும் அது காத்துக் கிடப்பதில் வியப்பில்லை.

முதலுரிமை கண்ணுக்கு. கோப்பையை வெள்ளைத் துணியின்மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தை நோக்குவர். ஆண்டுகள் ஏற ஏற, மாதுளைச் சிவப்பு செங்கல் நிறத்தை நாடும். போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்களிடம் சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினை அளித்தபோது, அவர்கள் அதன் மணத்தைச் செவ்வொயினுக்குரிய சொற்களாலேயே வருணித்ததாக 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டுவதால், மூக்கு என்பது கண் சொல்வதை எழுதும் எழுத்தர் எனக் கொள்ளத் தகும்.

அடுத்தது கை. கோப்பையைச் சுழற்றினால் உட்சுவரில் துளிகள் வழியும். இவை ‘கண்ணீர்’ எனப்படும். ஆல்கஹால் நீரைவிட விரைந்து ஆவியாவதால் பரப்பு இழுவிசை இடத்துக்கிடம் வேறுபட்டு எழும் இவ்விளைவு, 19ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இயற்பியலர் கார்லோ மராங்கோனியின் பெயரால் வழங்குகிறது. அது தரத்துக்குச் சான்றன்று. எனினும் கண்ணீர் கண்டு இளகாத மதிப்பீட்டாளர் அரியர்.

மூன்றாவதாகிய மூக்கு, பரோலோவின் இலக்கணமாகச் சொல்லப்படும் ரோஜாவையும் தாரையும் தேடும். புதிதாய்த் தார் போட்ட சாலையில் மண ஊர்வலம் செல்லும் வேளையிலன்றிக் கூடாத இவ்விரு மணங்களையும் அது சற்றும் திகைக்காமல் பதிவு செய்யும்.

இறுதியில் நாவின் முறை வருகிறது. வெளிறிய நிறத்தைக் கண்டு ‘மெலிந்த ஒயின்’ என்று கண் வழங்கிய சான்றிதழ் இங்கே செல்லாமல் போகிறது; ஏனெனில் நெபியோலோவின் தோலிலும் விதையிலும் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றித் திரளச் செய்து வாயின் வழுவழுப்பைப் போக்க, ஈறும் கன்னமும் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தொழில்முறை மதிப்பீட்டாளர் ஒயினை விழுங்காமல் துப்பிவிடுவதால் தொண்டைக்கு இவ்வழக்கில் இடமே இல்லை. ஆயினும் வாயில் ஈரம் மீளும்வரை அவர் பேச இயலாதிருக்கும் சில நொடிகள் உண்டு. பிற பொறிகள் எழுதிய மதிப்புரைகளோடு ஒப்பிடுகையில், நாவின் அந்த மௌனத்தில்தான் பிழை எதுவும் காணப்படவில்லை.